சென்னை – டொராண்டோ: டிக்கெட் போடும் முன் மணிக்கணக்கு

கனடாவின் டொராண்டோவில் வந்து இறங்கி மூன்று மாதம் ஆவதற்குள் ஊரிலிருந்து கேட்டுவிடுவார்கள்: "நாங்க எப்ப வர்றது? எத்தனை மணி நேரம்ப்பா ஆகும்?" அப்பா அம்மாவுக்கு டிக்கெட் தேட உட்காரும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நூல் பிடித்தால் சுமார் 13,400 கிலோமீட்டர். நூல் ரஷ்யா, கிரீன்லாந்து என்று வடக்கே ஏறி கியூபெக் வழியாக இறங்கும். ஆனால் சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. துபாய் வழி, லண்டன் வழி இரண்டுமே ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர்தான் வரும். பறக்கும் நேரமும் 18, 19 மணி. பயணம் 22 மணியில் முடிவதும் 32 மணிக்கு இழுப்பதும் நடுவில் காத்திருப்பதைப் பொறுத்தது.

காத்திருப்பு குறைவாக இருந்தால் நல்லது என்று நினைத்துத்தான் நான் மாட்டினேன். கொஞ்சம் டாலர் மிச்சம் பிடிக்க அப்பாவுக்கு இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டேன், இடைவெளி ஒன்றரை மணி. முதல் விமானம் தாமதம். இரண்டாவது கிளம்பிவிட்டது. ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு எண்) என்றால் விமான நிறுவனமே அடுத்ததில் ஏற்றிவிட்டிருக்கும். தனி டிக்கெட் என்பதால் புது டிக்கெட் என் தலையில். பெரியவர்களுக்கு மூன்று மணி இடைவெளியாவது விடுங்கள். ஐரோப்பா வழி என்றால் நடுவில் விமானம் மாற டிரான்ஸிட் விசா வேண்டுமா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். அது பாஸ்போர்ட்டையும் கையில் உள்ள விசாவையும் பொறுத்தது.

டிக்கெட்டில் அச்சிட்ட நேரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கோடையில் சென்னையில் இரவு 9:30க்கு ஏறி, மறுநாள் காலை 9:30க்கு இங்கே இறங்கினால் 12 மணி நேரம் போலத் தெரியும். உண்மையில் இருபத்தொன்றரை மணி நேரம், ஏனென்றால் இந்தியா நம்மைவிட ஒன்பதரை மணி முன்னால். நவம்பர் முதல் ஞாயிறு முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அது பத்தரை ஆகிவிடும். திரும்பும்போது கதை தலைகீழ். சனி இரவு இங்கே கிளம்பினால் திங்கள் விடிகாலைதான் சென்னை. ஞாயிறு முகூர்த்தத்துக்கு வெள்ளி இரவே கிளம்பினாலும் தாலி கட்டும் நேரத்துக்கு ஓடித்தான் போக வேண்டும்.

அம்மா நன்றாக நடப்பார் என்றாலும் வீல்சேர் கேட்டுவிடுங்கள். தள்ளிக்கொண்டு வருபவர் குடிவரவு வரிசையையும் அடுத்த கேட்டையும் காட்டிவிடுவார். தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கு அதுவே பெரிய துணை.

டொராண்டோவுக்கான பியர்சன் விமான நிலையம் இருப்பது பக்கத்து ஊரான மிசிசாகாவில். டொராண்டோவின் கிழக்கே இருக்கும் ஸ்கார்பரோக்காரர்கள் மாலையில் 401 நெடுஞ்சாலையில் மாட்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காரில் ஒரு பிளாஸ்க் ரசம் இருக்கட்டும், ஜனவரி என்றால் இரண்டு கனத்த ஜாக்கெட்டும்.