பெண் பிள்ளை ராணுவ அதிகாரி ஆக வேண்டுமென்றால்: எந்த வழி, என்ன தயாரிப்பு

பிளஸ் டூ முடித்த பெண் "நான் ஆர்மிக்குப் போறேன்" என்றால் வீட்டில் முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் கொஞ்சம் அமைதி, கடைசியில் "நர்ஸாவா?" என்று ஒரு கேள்வி. என் அக்கா மகள் சொன்னபோது எங்கள் வீட்டிலும் அதேதான். அவளோடு இரண்டு வருடம் விண்ணப்பம், பரீட்சை என்று அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எது உண்டு, எது இல்லை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். விமானப்படையில் போர் விமானமே ஓட்டலாம். அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் 2016லேயே அதைத் தொடங்கிவைத்துவிட்டார்கள். தரைப்படையில் 2023இல் முதல்முறையாக ஐந்து பெண் அதிகாரிகள் பீரங்கிப் படைக்குப் போனார்கள், ஐந்து பேரும் பயிற்சி முடித்தது நம் சென்னை பரங்கிமலையில் இருக்கும் ஓடிஏ என்ற அதிகாரிகள் பயிற்சி அகாடமியில். ஆனால் காலாட்படையும் டாங்கிப் படையும் பெண்களுக்கு இன்னும் கிடையாது. இது தெரியாமல் நேர்காணலில் "இன்ஃபன்ட்ரி சார்" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு முழிக்க வேண்டாம்.

சரி, எந்த வழியில் போவது என்பது வயதைப் பொறுத்தது. பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை, திருமணம் ஆகாதவர் என்றால் என்டிஏ, அதாவது தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வு. யூபிஎஸ்சி வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கணிதம் 300 மதிப்பெண், ஆங்கிலம் உள்பட பொதுத் திறன் 600, தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தரைப்படைக்குப் பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம் என்று சொல்வார்கள், அது உண்மைதான், ஆனால் அந்தக் கணிதத் தாளை காமர்ஸ் குரூப் பிள்ளையும் எழுதியே ஆக வேண்டும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. கடற்படை, விமானப்படை என்றால் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்திருக்க வேண்டும்.

2021இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பெண்களை இந்தத் தேர்வு எழுதவே விட்டார்கள். 2022இல் 19 பேர் சேர்ந்து, 2025 மே மாதம் 17 பேர் முடித்து வெளியே வந்தார்கள். இடங்கள் ரொம்பக் குறைவு. அண்மை அறிவிப்புகளில் தரைப்படைக்கு 208 இடம் என்றால் பெண்களுக்குப் பத்து, இரண்டு கை விரலில் எண்ணி முடித்துவிடலாம். அதனால் என்டிஏவை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

டிகிரிக்குப் பிறகு யூபிஎஸ்சியே நடத்தும் சிடிஎஸ் தேர்வை எழுதி ஓடிஏ போகலாம், அதில் கணிதம் இல்லை, ஆங்கிலமும் பொது அறிவும்தான். கணக்கென்றால் ஓடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். இன்னொரு வழி, என்சிசி 'சி' சான்றிதழ். எழுத்துத் தேர்வே கிடையாது, தேவையான கிரேடும் டிகிரியில் 50 சதவீதமும் இருந்தால் நேராக எஸ்எஸ்பிக்கு, அதாவது ராணுவத் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே என்சிசியில் சேர்ந்துவிட வேண்டும், மூன்றாம் வருடம் நினைவு வந்து ஓடினால் நடக்காது. இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு டெக்னிக்கல் என்ட்ரி, விமானப்படைக்கு ஏஎஃப்கேட் தேர்வு என்று தனித்தனியாக இருக்கின்றன.

எந்த வழியில் போனாலும் எஸ்எஸ்பி உண்டு. ஐந்து நாள். முதல் நாளே பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பப்படலாம், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள், நான்கு நிமிடத்தில் கதை எழுத வேண்டும், அப்புறம் குழுவாக உட்கார்ந்து பேச வேண்டும். எங்கள் பெண் அங்கேதான் சறுக்கினாள். "மற்றவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டோம், அவளும் தன் முறை வரும் என்று மரியாதையாகக் காத்திருந்தாள், வரவே இல்லை. அன்று சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். தப்பு அவள் மேல் இல்லை, எங்கள் மேல். அடுத்த முறைக்கு முன்னால் தினமும் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஒரு விஷயத்தை எடுத்து வீட்டிலேயே சண்டை மாதிரி விவாதம் வைத்தோம், அவளுடைய தாத்தாவையே மறித்துப் பேசப் பழகினாள், அவருக்கு முதலில் கோபம்தான். இரண்டாவது முறை முதல் நாளைத் தாண்டினாள், ஆனால் ஐந்தாம் நாள் கான்ஃபரன்ஸில், அதாவது தேர்வாளர்கள் எல்லோரும் கூடி முடிவெடுக்கும் கடைசிக் கட்டத்தில், போய்விட்டது. இப்போது என்சிசி வழியில் முயற்சி செய்கிறாள்.

உடம்பு விஷயத்தில் கடைசி நேர ஓட்டம் உதவாது. உயரம் குறைந்தது 152 செ.மீ., விமானி என்றால் 162.5. கண், தட்டைப் பாதம், முழங்கால் ஒன்றோடொன்று இடிப்பது, ரத்தசோகை எல்லாவற்றையும் விண்ணப்பிப்பதற்கு முன்பே ஒரு டாக்டரிடம் பார்த்துவிடுங்கள். விடியற்காலையில் ஒரு பெண் தனியாக ஓடுவது நம் ஊரில் எளிதல்ல. இவளுக்கு முதல் ஒரு வாரம் அப்பா சைக்கிளில் பின்னாலேயே போனார், அதற்குள் தெருவுக்குப் பழகிவிட்டது.

"பெண்கள் எதற்குப் போர்முனைக்கு?" என்ற கேள்வி சொந்தக்காரர்களிடமிருந்தும் வரும், நேர்காணலிலும் வரலாம். வீரவசனம் வேண்டாம். கிராமத்திலிருந்து வரும் ஆண் சிப்பாய்கள் பெண் அதிகாரியின் உத்தரவை ஏற்க இன்னும் மனதளவில் பழகவில்லை என்று அரசுத் தரப்பு உச்ச நீதிமன்றத்திலேயே வாதாடியது, 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் அதை ஏற்காமல் பெண்களுக்கு நிரந்தர கமிஷன், அதாவது ஓய்வு வயது வரை அதிகாரியாக இருக்கும் உரிமை, கொடுக்கச் சொன்னது. ராணுவச் சட்டப் பிரிவில் ஆண்களுக்கு ஆறு, பெண்களுக்கு மூன்று என்று இடம் பிரித்ததையும் 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் செல்லாது என்றது. இதைச் சொல்லிவிட்டு, சராசரி உடல் வலிமையில் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நீங்கள் தேர்ந்தெடுப்பது சராசரியை அல்ல, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளை என்று சொல்லலாம். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான பதில் இல்லை.

வீட்டாருக்கு வேறு கணக்கு. என்டிஏவில் பயிற்சிச் செலவு அரசுடையது, கையில் டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழகப் பட்டமும் கிடைக்கும், லெப்டினன்ட்டின் அடிப்படைச் சம்பளம் மாதம் 56,100 ரூபாய். பயிற்சி முடியும்வரை கல்யாணம் கூடாது என்பது விதி, மாப்பிள்ளை பார்க்கும் அத்தைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

ஒன்று விட்டுப்போனது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், விண்ணப்பம் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். நம் இன்ஷியல் ஒன்றில் முன்னால் நிற்கும், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் அப்பா பெயராகவே விரிந்திருக்கும். எங்களுக்கு ஒரே ஒரு எழுத்தைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது.