தாகத்துக்கு மேல் குடிக்காதீர்கள்: ஸ்போர்ட்ஸ் டிரிங்க், பவுடர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் நெடுந்தூர ஓட்டமான காம்ரேட்ஸ் மாரத்தான் நெருங்கினால் டர்பன் கடைகளில் கலர் கலராக ஸ்போர்ட்ஸ் டிரிங்க் பாட்டில்கள் அடுக்கிவிடுகிறார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் அரை மணி நேரம் நடக்கப் போகிறவர் கையிலும் ஒன்று இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம். அரை லிட்டரில் சுமார் 30 கிராம் சர்க்கரை, அதாவது ஏழு தேக்கரண்டி. ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற நடைக்கும் ஓட்டத்துக்கும் உடம்பில் இருக்கிற சத்தே தாராளம். வெறும் தண்ணீர் போதும். வீட்டுக்கு வீடு சர்க்கரை நோய் இருக்கிற நம்மவர்கள் இதை அலட்சியமாக விடக் கூடாது.

காம்ரேட்ஸில் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடுகிறவர் கதை வேறு. அவருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உதவும். அதைப் பாட்டிலில் இருந்துதான் எடுக்க வேண்டும் என்பதில்லை. வழியில் கொடுக்கிற வாழைப்பழமும் உப்புத் தொட்ட அவித்த உருளைக்கிழங்கும் அதே வேலையைச் செய்யும்.

உயிருக்கே உலை வைக்கிற தவறு, தாகம் எடுக்கும் முன்பே குடித்துக்கொண்டே இருப்பது. 1981 காம்ரேட்ஸில் ஓடிய ஒரு பெண், தண்ணீர் குறைந்து அல்ல, மிதமிஞ்சிக் குடித்ததால் மயங்கி விழுந்தார். கேப் டவுனைச் சேர்ந்த விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் டிம் நோக்ஸ் குழுவினர் 1985-ல் இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதினார்கள். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்குவதுதான் இதில் ஆபத்து. “நான் குடித்தது தண்ணீர் இல்லையே, உப்புச் சேர்த்த டிரிங்க்தானே” என்பார்கள். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். அந்தப் பாட்டிலில் 20 சொச்சம்தான். அதையும் அளவு மீறிக் குடித்தால் ரத்தம் நீர்க்கத்தான் செய்யும். ஓட ஓட எடை கூடுகிறது, மோதிரம் இறுகுகிறது, தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம் என்றால் மேலும் தண்ணீர் புகட்டாமல் உடனே மருத்துவக் கூடாரத்துக்குக் கூட்டிப் போங்கள். ஓடும்முன் ஐபுப்ரோஃபென் வலி மாத்திரை போடுகிற பழக்கத்தையும் விடுங்கள். நீண்ட ஓட்டத்தில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

இனி பவுடர். வே புரோட்டீன் என்பது பாலில் இருந்து பிரித்த புரதம், அவ்வளவுதான். டப்பாவில் வரும் அளவுக் கரண்டியால் ஒரு ஸ்கூப் எடுத்தால் அதில் 20 முதல் 25 கிராம் இருக்கும். பில்சர்ட் டின் மீன் 150 கிராம் அதற்கு ஈடு. சுகர் பீன்ஸ் கறி, பருப்பு, முட்டை என்று ஒழுங்காகச் சாப்பிடுகிற பையனுக்கு டப்பா எதற்கு? பளு தூக்குகிறவர்களுக்குக் கிரியேட்டின் என்ற, தசைக்குச் சக்தி தரும் பவுடர் தினம் 3 முதல் 5 கிராம் பலன் தருகிறது. அதற்கு நல்ல ஆதாரம் உண்டு. மற்ற பெரும்பாலான டப்பாக்களுக்கு அவ்வளவு ஆதாரம் இல்லை.

பிள்ளை பள்ளி ரக்பியோ கிளப் ஓட்டமோ ஆடுகிறான் என்றால் பெற்றோர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 2010-ல் ஸ்பிரிங்பாக் எனப்படும் தென்னாப்பிரிக்கத் தேசிய ரக்பி அணியின் வீரர்கள் சிலிபாய் ரலெபெல்லே, பியோர்ன் பாசன் இருவரும் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். அணியில் கொடுத்த சப்ளிமெண்ட் ஒன்றில் தடை செய்யப்பட்ட பொருள் கலந்திருந்தது. அவர்கள் மீது குற்றமில்லை என்று 2011 ஜனவரியில் முடிவானது. அவர்களுக்குத் தேசிய அணியின் டாக்டரும் வக்கீலும் இருந்தார்கள். உங்கள் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? உடம்பில் எது இருந்தாலும் வீரரே பொறுப்பு என்பதுதான் சட்டம். வாங்கியே தீர வேண்டும் என்றால் தடை செய்யப்பட்ட பொருள் இருக்கிறதா என்று சோதித்ததைக் காட்டும் ‘இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்’ முத்திரை உள்ளதா பாருங்கள். டப்பாவின் பேட்ச் எண்ணையும் அவர்கள் தளத்தில் சரிபாருங்கள்.