தொழிற்சங்க ஆதரவுச் செய்தி: வாசிப்பவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்க நாடாளுமன்ற வேட்பாளர் ஒருவருக்குத் தொழிற்சங்கம் ஆதரவு தெரிவித்தது என்று படித்ததும் நாம் கட்சிக் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறோம். தொமுச என்றால் திமுக, சிஐடியு என்றால் மார்க்சிஸ்ட் என்று பழகிய கண் நம்முடையது. அங்கே சங்கங்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்பவைதான். ஆனால் எந்தக் கட்சியின் கிளையும் அல்ல.

பென்சில்வேனியாவில் அப்போதிருந்த 18ஆவது தொகுதியையே பாருங்கள். குடியரசுக் கட்சியின் டிம் மர்ஃபி உறுப்பினராக இருந்தவரை தொழிற்சங்கங்களின் ஆதரவு அவருக்கும் கிடைத்தது. அவர் பதவி விலகி 2018 மார்ச்சில் இடைத்தேர்தல் வந்தபோது, அதே கட்சி நிறுத்திய ரிக் சக்கோன் சங்கங்களின் கையைக் கட்டும் சட்டங்களை ஆதரிப்பவர். சங்கங்கள் ஜனநாயகக் கட்சியின் கானர் லாம் பக்கம் திரும்பின. சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் செசில் ராபர்ட்ஸ் லாமுக்காக மேடையேறி, இவர் கடவுளுக்கு அஞ்சுபவர், துப்பாக்கி வைத்திருப்பவர், உங்கள் ஓய்வூதியத்தைக் காப்பவர் என்று அடுக்கினார். கூட்டம் அறிந்து பேசிய பேச்சு! சுரங்கத் தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதி அப்போது வற்றிக்கொண்டிருந்தது. 2016இல் டிரம்ப் ஏறத்தாழ 20 சதவீதப் புள்ளி முன்னிலை பெற்ற அந்தத் தொகுதியில் லாம் ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் வென்றார். வென்றது சங்கத்தால் மட்டும்தான் என்று சொல்லிவிடவும் கூடாது.

சந்தாப் பணம் அப்படியே வேட்பாளர் கைக்குப் போகிறது என்பதும் தவறு. உறுப்பினர்கள் விரும்பித் தரும் தனி அரசியல் நிதியிலிருந்துதான் அவருக்கு நேரடியாகக் கொடுக்கலாம். அதுவும் பொதுவாக ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர் வரை. ஆனால் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின், வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனியாகப் பிரசாரம் செய்யச் சங்கத்தின் பொது நிதியைச் செலவிடத் தடையில்லை. பெரிய தொகைகள் அந்த வழியில்தான் போகின்றன.

அறிவித்தது தேசியத் தலைமையா, உள்ளூர்க் கிளையா என்று பார்க்காமல் விடுவதும் உண்டு. 2024 அதிபர் தேர்தலில் லாரி ஓட்டுநர்கள் உள்ளிட்டோரின் சங்கமான டீம்ஸ்டர்ஸின் தேசியத் தலைமை யாரையும் ஆதரிக்கவில்லை. அதன் வட்டார அமைப்புகள் பல கமலா ஹாரிசை ஆதரித்தன. உறுப்பினர்களிடம் சங்கமே எடுத்த கணிப்பில் டிரம்ப் முன்னிலையில் இருந்தார்.

ஆதரவு பெற்றவர் சங்கத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று எண்ணுவதுதான் ஆபத்தானது. 1980 அதிபர் தேர்தலில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் சங்கம் ரீகனை ஆதரித்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, 11,000க்கும் மேற்பட்டோரை அதிபராகிவிட்ட ரீகன் வேலையிலிருந்து நீக்கினார்.