பாரசீகக் கையெழுத்து ஏடு வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலில் படத்தைப் பார்க்காதீர்கள், தாளைத் திருப்புங்கள். பழைய நூலிலிருந்து கிழித்த ஏட்டில், எழுத்தின் மேலேயே புதிதாக ஓவியம் தீட்டி விற்பதுதான் இந்தச் சந்தையின் பெரிய மோசடி. டார்ச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வண்ணத்துக்கு அடியில் பழைய வரிகள் மேடாகத் தெரியும். பூச்சி அரித்த துளையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். துளையின் உள்விளிம்பில் வண்ணம் இறங்கியிருந்தால், தாள் பழசு, படம் புதுசு.

முழு நூலென்றால் வலப்பக்கத்தின் கீழ் இடது மூலையில் தனியாக ஒரு சொல் இருக்கும். அடுத்த பக்கம் அதே சொல்லில் தொடங்க வேண்டும். இல்லையென்றால் ஏடு காணாமல் போயிருக்கிறது, அல்லது தைக்கும்போது இடம் மாறியிருக்கிறது.

கடைசிப் பக்கத்து ஹிஜ்ரி ஆண்டை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள்: 935 என்றால் சுமார் 1529. இலக்கத்தைச் சுற்றித் தாள் சுரண்டப்பட்டு மெலிந்திருந்தால் தேதியை நம்ப வேண்டாம். முத்திரை அழிக்கப்பட்டிருந்தால் வாங்கவே வேண்டாம். அது நூலகத்திலிருந்து திருடியதாக இருக்கலாம். 1970-க்கு முன்பே ஈரானைவிட்டு வெளியேறியதற்கான ஆவணத்தைக் கேளுங்கள். இந்தியாவில் 75 ஆண்டு கடந்த முக்கியக் கையெழுத்து நூல்களுக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொருந்தும்.

ஈரான் மன்னர் ஷா தமாஸ்பின் ஷாநாமா என்ற காவியக் கையெழுத்து நூலையே 1970-களில் பிரித்து விற்றார்கள். அந்த இழப்பு ஈடுகட்ட முடியாதது. முழு நூலை ஒருபோதும் பிரிக்காதீர்கள்.

செம்பிலிருந்து எடுத்த பச்சை வண்ணம் தாளை அரிக்கும். ஈரப்பதம் ஏறினால் இன்னும் வேகமாக. 50 சதவீதத்தை ஒட்டி வையுங்கள், வெளிச்சம் 50 லக்ஸ் தாண்டக் கூடாது. லேமினேஷன், செலோடேப் இரண்டும் அறவே கூடாது.