பெரட்டுக்கு நேரமாச்சு என்று அம்மா எழுந்தால்: மறதிநோய்ப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிமென்ஷியாவுக்குத் தமிழில் மறதிநோய் என்ற பெயர் நிலைத்துவிட்டது. சொல்வதற்கு எளிதான பெயர்தான், ஆனால் வீடுகளில் நடக்கும் தவறுகளில் பாதி அந்தப் பெயரிலிருந்தே தொடங்குகின்றன என்பது என் எண்ணம். மறதிதானே என்று நினைக்கும் குடும்பம், சாவியை வைத்த இடத்தையும் பேரனின் பெயரையும் மறப்பதைப் பொறுத்துக்கொள்கிறது. அதே மனிதர் குளிக்க மறுக்கும்போதும், மருமகள் நகையை எடுத்துவிட்டாள் என்று வாசலில் நின்று சொல்லும்போதும், நடுநிசியில் கதவைப் போட்டுத் தட்டும்போதும், 'இதெல்லாம் வேணும்னே பண்றது' என்று முடிவுகட்டிவிடுகிறது. நினைவைச் சேர்த்துவைக்கும் பகுதியோடு இந்த நோய் நிற்பதில்லை. தன்னை அடக்கிக்கொள்ளவும், கண்ணில் படுவதைப் புரிந்துகொள்ளவும், பொழுதை உணரவும் உதவுகிற மூளைப் பகுதிகளையும் அது அரிக்கிறது. 2023இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு ஒன்றின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரை எந்தப் பயிற்சியும் இல்லாத வீட்டார்தாம் பார்த்துக்கொள்கிறார்கள். கோத்தகிரிப் பக்கத்தில் என் அம்மாவை நானும் அப்படித்தான் பார்த்துக்கொள்கிறேன். கீழே வரும் தவறுகளில் பலவற்றை நானே செய்திருக்கிறேன்.

அம்மா இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானோரில் ஒருவராக, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு உருவாக்கிய தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க நீலகிரிக்கு வந்தார். ஓய்வுபெற்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நோய் முற்றத் தொடங்கிய பிறகு, விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து, போர்வையைப் படங்குபோல (கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் முரட்டுத் துணி) இடுப்பில் சுற்றிக்கொண்டு, 'பெரட்டுக்கு நேரமாச்சு, பிந்திப் போனா அரைப் பேருதான் போடுவாங்க' என்று தாழ்ப்பாளில் கைவைப்பார். பெரட்டு என்பது தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது; அரைப் பேரு என்றால் அரை நாள் கூலிக் கணக்கு.

நான் செய்த முதல் தவறு, திருத்தியது. இது கோத்தகிரி, அது சிலோன், அந்தத் தோட்டத்தை விட்டு வந்து அரை நூற்றாண்டு ஆகிறது என்று பொறுமையாக, பிறகு பொறுமையில்லாமல், விளக்கிக்கொண்டே இருந்தேன். விளக்கம் ஏறியதே இல்லை. குரல் உயர்ந்தது மட்டும் ஏறியது. புதிய செய்தியைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி பழுதுபட்டுவிட்டதால், நாம் சொன்ன செய்தி சில நிமிடங்களில் கரைந்துவிடுகிறது. அந்தச் செய்தியோடு வந்த அச்சமும் அவமானமும் அவ்வளவு விரைவில் கரைவதில்லை. மகன் எதற்குத் திட்டினான் என்பது மறந்துபோகும், யாரோ திட்டினார்கள் என்ற கலக்கம் மட்டும் மதியம் வரை தங்கும், மதியத்தில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவதாக அது வெளிப்படும். நாமோ காலையில் நடந்ததை மறந்துவிட்டு, காரணமே இல்லாமல் தட்டைத் தள்ளிவிட்டார் என்போம்.

ஒரு நாள் அம்மா என்னை, ஆட்களின் பேரைப் பதியும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்றே எண்ணிக்கொண்டு, தலையைச் சற்றுக் குனிந்து, 'ஐயா, பேரு போட்டுட்டீங்களா' என்று கேட்டார். பெற்ற மகனை ஐயா என்கிறாரே என்ற வலியில் ஒரு நிமிடம் பேச வரவில்லை. பிறகு, 'போட்டாச்சு, முழுப் பேரு. மழை பெய்யுது, இன்னைக்குப் பெரட்டு இல்ல' என்றேன். இடுப்பிலிருந்த போர்வையை அவிழ்த்து, நான்காக மடித்து, கால்மாட்டில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அன்று ஏழு மணி வரை தூங்கினார்.

பெற்றவரிடம் பொய் சொல்வதா என்று என் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி, அதற்கு நான் வகுத்துக்கொண்ட வரையறை இது. முதலில் பொய் தேவையா என்று பார்ப்பேன். 'வீட்டுக்குப் போகணும்' என்று அவர் சொல்லும்போது, 'அங்க யாரெல்லாம் இருப்பாங்க?' என்று கேட்டாலே போதும், லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் இருந்த கொய்யா மரத்திலிருந்து பேச்சு தொடங்கிவிடும். அரை மணி நேரத்தில் போக வேண்டும் என்ற தவிப்பு அடங்கும். வீடு என்று அவர் சொல்வது பெரும்பாலும் ஓர் இடத்தை அல்ல, பயமில்லாமல் இருந்த ஒரு காலத்தை. அப்பாவை எங்கே என்று கேட்டால், இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. ஒருமுறை சொன்னேன், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய சாவை அப்போதுதான் கேட்பவர்போல் மார்பில் அடித்துக்கொண்டார், மறுநாள் அதே கேள்வியைக் கேட்டார். அதே துக்கத்தை நாள்தோறும் புதிதாகக் கொடுப்பதில் என்ன உண்மை இருக்கிறது? ஆனால் பணம், பத்திரம், கையெழுத்து ஆகியவற்றில் இந்தச் சலுகையை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே சொல்லும் பொய் ஆறுதலுக்கானது அல்ல.

இனி, என் கணிப்பில் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. நடத்தையில் திடீரென ஏற்படும் மாற்றத்தை, 'நோய் முத்திடுச்சு' என்று எடுத்துக்கொள்வதே அது. டிமென்ஷியாவை உண்டாக்கும் அல்சைமர் போன்ற நோய்கள் மாதங்களிலும் ஆண்டுகளிலும் நகர்கின்றன. நேற்று வரை தானே சாப்பிட்டவர் இன்று ஆளைத் தெரியாமல் கத்துகிறார் என்றாலோ, சில மணி நேரம் தெளிவாகவும் சில மணி நேரம் குழப்பமாகவும் மாறி மாறி இருக்கிறார் என்றாலோ, அது டெலிரியம் என்ற தனி நிலையாக இருக்க வாய்ப்பு மிகுதி. அதன் அடியில் பெரும்பாலும் சிகிச்சையளிக்கக்கூடிய காரணம் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, நாட்கணக்கில் கட்டிக்கொண்ட மலம், சர்க்கரை தாழ்வது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை. முதியவர்களுக்குத் தொற்று இருந்தாலும் காய்ச்சலோ எரிச்சலோ தெரியாமல், குழப்பம் மட்டுமே முதல் அறிகுறியாக வரலாம்.

மலையில் இதற்குக் கூடுதல் காரணங்கள் உண்டு. குளிரில் தாகம் தெரிவதில்லை. இரவில் பனியில் எழுந்து கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று மாலைக்குப் பின் தண்ணீரையே ஒதுக்கிவிடுகிறார்கள். சளி பிடித்தால் கடையில் வாங்கும் மாத்திரைகளிலும் மருந்துகளிலும் பலவற்றில் குளோர்பெனிரமைன் அல்லது டைபென்ஹைட்ரமைன் இருக்கும். தூக்கத்தைத் தரும் இந்த மருந்துகள், மறதிநோய் உள்ளவரின் மூளையில் ஏற்கெனவே குறைந்துவிட்ட அசிட்டைல்கொலின் என்ற வேதிப்பொருளின் வேலையை மேலும் தடுத்து, குழப்பத்தைக் கூட்டுகின்றன, சிறுநீரையும் கட்டவைக்கின்றன. எங்கள் வீட்டில் மூன்று இரவுகள் நடந்த கூச்சலுக்குக் காரணம் ஒரு சளி மருந்துதான் என்பது, அதை நிறுத்திய பிறகே தெரிந்தது.

டெலிரியத்தின் இன்னொரு முகம் கூச்சலே இல்லாதது. ஓயாமல் நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று சுருண்டு படுத்து, கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்து மூடுகிறார். வீட்டார், 'இப்பதான் சாதுவா இருக்காங்க' என்று நிம்மதியடைகிறார்கள். அந்த நிம்மதி ஓரிரு நாளைத் தின்றுவிடும்; மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாட்கள் அவை.

குளிர்காலத்தில் இரும்புச் சட்டியில் கங்கு போட்டு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலி, தள்ளாட்டம், பிதற்றல் என்று அது தொடங்கும்; மறதிநோய் உள்ளவரிடம் இவற்றை யாரும் புதிதாக நினைப்பதில்லை, தலை வலிக்கிறது என்று அவருக்குச் சொல்லவும் தெரியாது. மூடிய அறையில் அது உயிரைப் பறிக்கும். கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும். வெந்நீர்ப் பையைத் துணி சுற்றியே வைக்க வேண்டும், சுடுவதையும் அவர் சொல்லமாட்டார்.

வலியைப் பற்றியும் இதையேதான் சொல்வேன். 'வலிக்குதா' என்று கேட்டு, 'இல்ல' என்ற பதிலை நம்புவது தவறு. எழும்போது முகம் சுளிக்கிறதா, ஒரு பக்கத்துக் கையைத் தொட்டால் அடிக்க வருகிறாரா, ஒரு பக்கமாகவே மெல்லுகிறாரா என்று பார்க்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் சரிவில் கூடை சுமந்த முழங்கால் குளிரில் என்ன பாடு படும் என்பதை மலைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நார்வேயின் முதியோர் இல்லங்களில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மறதிநோய் உள்ளவர்களின் வலிக்கு முறையாக மருந்து கொடுத்ததும், அதில் பெரும்பாலோருக்குச் சாதாரண பாராசிட்டமால்தான், அவர்களுடைய கொந்தளிப்பு கணிசமாகக் குறைந்தது.

குளியல் சண்டை எல்லா வீட்டிலும் உண்டு. காலை ஆறு மணிக்கு, பழக்கம் என்பதற்காக, பனி விலகாத நேரத்தில் ஆடையைக் களைந்தால் யார்தான் கத்தமாட்டார்கள்? பதினொரு மணி வெயிலில், தண்ணீர் சூடான பிறகு, தோளில் ஒரு துண்டைப் போர்த்தியபடியே காலிலிருந்து தொடங்கினால் பாதிச் சண்டை இல்லை. தலையில் சொம்பைக் கவிழ்ப்பது கடைசியில்தான். நாள்தோறும் குளித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டு, வாரத்தில் இரண்டு மூன்று முறை குளிப்பாட்டினால் போதுமானது.

மாலைக் குழப்பமும் அப்படியே பெருமளவு வெளிச்சத்தைப் பொறுத்தது. பொழுது சாயச் சாயப் பதற்றம் கூடுவது இந்த நோயின் இயல்பு. மலையில் மூன்று மணிக்கே மஞ்சு (மூடுபனி) இறங்கிவிடுவதால் அந்தப் பொழுது முன்கூட்டியே வருகிறது. இருட்டிய பின் விளக்கைப் போடுவதைவிட, இருட்டும் முன்பே போட்டு, ஜன்னல் திரையையும் இழுத்துவிட வேண்டும். வெளியே இருட்டு, உள்ளே விளக்கு என்றால் கண்ணாடி முகம் பார்க்கும் ஆடியாகிவிடும். 'யாரோ நிக்கிறாங்க' என்ற அலறலுக்குப் பல நேரங்களில் கண்ணாடியில் தெரியும் அவருடைய பிம்பமே காரணம்.

தூங்கவைக்க ஒரு மாத்திரை கேட்பது அடுத்த தவறு. கேட்கும் களைப்பை நான் அறிவேன். ஆனால் மனநோய்க்கான ஆன்டிசைக்காட்டிக் மருந்துகள் மறதிநோய் உள்ள முதியவர்களிடம் இறப்பு அபாயத்தை ஏறத்தாழ 1.6 முதல் 1.7 மடங்கு ஆக்குகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் எச்சரிக்கை விடுத்தது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில், மருத்துவர் குறைந்த அளவில், குறிப்பிட்ட காலத்துக்கு அவற்றைத் தருவதுண்டு. அப்போது எவ்வளவு நாள், எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருக்கக் கூடாது. இல்லாத ஆட்களும் விலங்குகளும் தொடக்கத்திலிருந்தே தெளிவாகத் தெரிகின்றன, உடலும் விறைப்பாக இருக்கிறது என்றால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். லூயி பாடி என்ற வகை டிமென்ஷியாவில் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் மிகக் கடுமையாகத் தாக்கும்.

வெளியே இறங்கிப் போய்விடுவார் என்ற பயத்தில், பூட்டிவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இங்கே காட்டெருமையும் கரடியும் சிறுத்தையும் தேயிலைக்குள் வருகின்றன, பத்தடிக்கு அப்பால் மஞ்சில் எதுவும் தெரியாது, ஆகவே பயம் பொய்யல்ல. என்றாலும் தனியாக உள்ளே வைத்துப் பூட்டினால், அடுப்பு பற்றிக்கொண்டால் அவரால் வெளியே வர முடியாது. வீட்டில் ஆள் இருக்கும்போது, கண்பார்வைக்கு மேலே ஒரு தாழ்ப்பாள், கதவில் ஒரு சிறு மணி, ஸ்வெட்டர் கழுத்துப்பட்டையின் உட்புறம் தைத்த கைபேசி எண் ஆகியவை நல்ல பலன் தரும். டீக்கடைக்காரர், மினிபஸ் நடத்துநர், ஆட்டோ நிறுத்தத்தில் இருப்பவர்கள் ஆகியோரிடம் நோயைப் பற்றிச் சொல்லிவைக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பது பெரிய தவறு. காணாமல் போனால் பக்கத்திலிருந்து தேடத் தொடங்கி, அரை மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள். அவர் பெரும்பாலும் பழைய வேலையின் தடத்திலேயே போவார்: அம்மா இரண்டு முறையும் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்தான் அகப்பட்டார், தராசுக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்போல நின்றுகொண்டிருந்தார்.

திருட்டுப் பழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'நான் எடுக்கல' என்று வாதாடாமல், 'வாங்க, சேர்ந்து தேடுவோம்' என்று எழுந்திருங்கள். அவர் ஒளித்துவைக்கும் இடங்கள் மூன்று நான்குதான், தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

பின்னாளில் கற்ற மொழிகள் உதிர்ந்து முதல் மொழி மட்டும் எஞ்சும் நிலையும் வரும். எங்களுக்கு மேலேயுள்ள ஹட்டியில் (படுகர்களின் ஊர்) ஒரு பெரியவர் தம் தாய்மொழியான படுகு மட்டுமே பேசுகிறார். தமிழில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதால் அவருக்குக் காது போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து பேசும் தம்பி, 'போன்ல நல்லாத்தானே பேசுறாங்க' என்பார். பத்து நிமிடம் அப்படிப் பேச முடியும், அந்த நோயில் அது இயல்பு. அவரோடு சண்டை போடாமல், நான்கு நாட்கள் வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த நான்கு நாட்களில் நீங்கள் தூங்குங்கள். முதியோருக்கான உதவி எண் 14567. பராமரிப்பவரின் மனச்சோர்வுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, 'ரொம்பத் தொந்தரவு பண்றாங்க' என்று மட்டும் சொன்னால் மாத்திரைதான் கிடைக்கும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில், நடந்தது என்ன, எந்த நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, யார் அருகில் இருந்தார்கள், கடைசியாக மலம் கழித்தது எப்போது, எவ்வளவு தண்ணீர் குடித்தார், புதிய மருந்து ஏதும் உண்டா, எதைச் செய்ததும் அடங்கினார் என்று இரண்டு வாரம் எழுதிக்கொண்டு போங்கள். என் நோட்டில் மூன்றாவது பக்கத்திலேயே, சத்தம் போட்ட ஐந்து நாட்களில் நான்கில் 'நேற்றும் வெளிக்குப் போகவில்லை' என்று இருந்தது.