பழைய டிஸ்பென்சர் வாங்கப் போகிறீர்களா? முதலில் கேனை நனையுங்கள்

கடலூர் சிப்காட் பக்கம் மச்சானுக்கு லாரி யார்டு இருக்கிறது. சொந்த லாரிகளுக்கு டீசல் போட ஒரு மெஷின் வேண்டும். ஒரு பெட்ரோல் பங்கில் புது மெஷின் வைக்கப்போவதால் பழைய எலக்ட்ரானிக் டிஸ்பென்சர் விலைக்கு வந்தது. "கரண்ட் வேலை தெரிஞ்சவராச்சே மச்சான், வந்து பாருங்க" என்றார். மூன்று நாள் அலைந்து கற்றதைத்தான் எழுதுகிறேன். தொட்டி, லைசென்ஸ், எர்த்திங் எல்லாம் தனிக் கதை.

முதல் விதி: மெஷின் தொட்டியோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே பாருங்கள். கழற்றிப் போட்ட மெஷினைப் பார்த்தால் பெயிண்ட்தான் தெரியும்.

அடுத்து கீழ்க் கதவைக் கழற்றி டார்ச் அடியுங்கள். நம் கரையோரத்தில் உப்புக்காற்றுதான் முதல் எதிரி. ஸ்க்ரூடிரைவரால் குத்தியதும் அடிச்சட்டம் பொடியாக உதிர்ந்தால் கும்பிடு போட்டு வந்துவிடலாம். 2015 வெள்ளத்தில் நின்ற மெஷினா என்று கேட்டால் விற்பவர் சொல்ல மாட்டார். உள்ளே படிந்த வண்டல் கோடு சொல்லும். மோட்டாரின் ஃப்ளேம்ப்ரூஃப் (உள்ளே பொறி பறந்தாலும் தீ வெளியே வராத) பெட்டியில் ஒரு போல்ட் குறைந்தாலும் அது ஃப்ளேம்ப்ரூஃப் இல்லை. போல்ட்டுகளை எண்ணுங்கள்.

இப்போது அளவு. நான் சறுக்கியது இங்கேதான்.

அரசு முத்திரை நடப்பில் உள்ள 5 லிட்டர் அளவுக் கேன் வேண்டும். பிளாஸ்டிக் கேன் ஒருபோதும் வேண்டாம். முதலில் இருபது லிட்டர் ஓடவிட்டுத் தொட்டிக்கே திருப்புங்கள். ஹோஸில் நின்ற காற்றும் வெயிலில் சூடான டீசலும் போய்விடும். சைட் கிளாஸில் (டீசல் ஓடுவதைக் காட்டும் கண்ணாடி) குமிழி தெரியக்கூடாது. தெரிந்தால் உறிஞ்சும் வழியில் எங்கோ காற்று இழுக்கிறது.

நான் காய்ந்த கேனில் பிடித்தேன். 32 மில்லி குறைவு! 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் கூடலாம், குறையலாம். "மெஷின் திருட்டு மெஷின்" என்று விலையைப் பாதியாகக் கேட்டேன். பக்கத்தில் நின்ற வயசான ஊழியர் மெதுவாகச் சொன்னார்: "சார், கேன் காய்ஞ்சு கெடக்கு."

கேனை முழுக்க நிரப்பிக் கொட்ட வேண்டும். ஒழுக்கு சொட்டாக மாறியபின் 30 விநாடி கவிழ்த்துப் பிடித்து, அப்புறம்தான் அளக்க வேண்டும். கேனின் உட்சுவரில் டீசல் பெட்ரோலைவிட அதிகமாக ஒட்டும்; காய்ந்த கேனில் பிடித்தால் அந்த ஒட்டலும் குறைவாகக் கணக்காகிவிடும். கேனைச் சமதளத்தில் வைத்து, கழுத்துக் கோட்டைக் கண் மட்டத்தில் குனிந்து படியுங்கள். அப்படிப் பிடித்ததும் 14 மில்லி குறைவு என்று வந்தது. வழிந்த அசட்டைத் துடைத்துக்கொண்டேன். உச்சி வெயிலில் செய்யாதீர்கள். ஒரு டிகிரி சூட்டுக்கு 5 லிட்டர் டீசல் சுமார் 4 மில்லி விரியும்.

ஒரு தடவை அளந்து நிறுத்தாதீர்கள். முழு வேகத்தில் ஐந்து தடவை, நாசிலைப் பாதி அழுத்தி மூன்று தடவை. எனக்கு 14, 13, 15 என்று ஒரே பக்கமாக வந்தது. அது நல்ல மீட்டர், சரிசெய்யும் சக்கரத்தைத் திருப்பினால் தீர்ந்தது. (சீலை நாம் உடைக்கக்கூடாது. உரிமம் உள்ள ரிப்பேர்காரர் திருப்பி, முத்திரை ஆய்வாளர் மறுபடி சீல் வைக்க வேண்டும்.) ஒரு தடவை 5 கூடுதல், அடுத்தது 20 குறைவு என்று குதித்தால் மீட்டரில் பிஸ்டன் தேய்ந்திருக்கலாம், அல்லது பல்சர் (மீட்டர் சுழல்வதை மின் துடிப்பாக்கி டிஸ்பிளேக்கு அனுப்பும் பாகம்) தகராறு. அதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

ஓடும்போதே மெயினை அணைத்துப் பாருங்கள். டிஸ்பிளேயில் அளவு நிற்க வேண்டும். சட்டென மறைந்தால் உள்ளே பேட்டரி செத்திருக்கிறது, பெரிய செலவில்லை. டோட்டலைசரை (இதுவரை ஓடிய மொத்த லிட்டரைக் காட்டும் எண்ணி) முன்னும் பின்னும் குறித்து, ஓட்டிய லிட்டரோடு ஒப்பிடுங்கள்.

விலைக் கட்டத்தையும் பாருங்கள். 2021இல் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியபோது மூன்று இலக்கம் காட்டத் தெரியாத பழைய மெஷின்கள் சில ஊர்களில் முடங்கின. சொந்த லாரிக்கு இது பிரச்சினையில்லை, விற்பனைக்கு என்றால் பாருங்கள்.

பின்சேர்க்கை: மோட்டார் காப்பைச் சோதிக்க மல்டிமீட்டர் போதாது, 500 வோல்ட் மெக்கர் (உயர் வோல்டேஜ் கொடுத்துக் காப்பை அளக்கும் கருவி)தான் வேண்டும் என்று நண்பர் ஒருவரிடம் சொல்லியிருந்தேன். அவர் எலக்ட்ரானிக் போர்டைக் கழற்றாமலே மெக்கர் போட்டு, போர்டைப் புகைத்துவிட்டார். மோட்டார் வயரைத் தனியாகப் பிரித்து, மெஷினைக் காலி செய்து, எரிபொருள் ஆவி இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய் மெக்கர் போடுங்கள். புதுச்சேரியில் அந்தப் போர்டைத் தேடி இன்னும் அலைகிறார்.