கரண்ட் போனாலும் ரெண்டர் வீணாகாது

அனிமேஷனை நேராக எம்பி4 வீடியோவாக ரெண்டர் (கணினி காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்குவது) போடாதீர்கள். பிரேமுக்கு ஒரு பிஎன்ஜி படமாக எடுத்து, கடைசியில் சேர்த்து வீடியோ ஆக்குங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மாரியில் இடி மின்னல் தொடங்கினால் கரண்ட் எப்போது போகும் என்று யார் கண்டது?

எம்பி4 கோப்பில் எந்தப் பிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பொதுவாகக் கடைசியில்தான் எழுதப்படும். அதற்கு முன் கணினி நின்றால் கோப்பே திறக்காது. விநாடிக்கு 24 பிரேம் என்றால் 10 விநாடிக் காட்சிக்கு 240. ஒன்றுக்கு 3 நிமிடம் பிடித்தால் 12 மணித்தியால வேலை. படங்களாக எடுத்தால் போவது ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரு பிரேம்தான்.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் 'ஓவர்ரைட்' (இருக்கும் கோப்பின் மேல் எழுதுவது) டிக்கை எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினால், இருப்பதைத் தாண்டி மீதியை மட்டும் போடும். 'பிளேஸ்ஹோல்டர்ஸ்' போட்டிருந்தால் (பிரேம் தொடங்கும்போதே வெற்றுக் கோப்பு வைத்து இடம் பிடிப்பது; இரண்டு கணினிகள் ஒரே போல்டரில் ஓடும்போது அது தேவை) கரண்ட் போன இடத்தில் 0 பைட் கோப்பு ஒன்று கிடக்கும். அதை முதலில் அழியுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பிரேமையும் தாண்டிவிடும். காட்சியைத் திருத்தினால் பழைய படங்களையும் அழிக்க வேண்டும்.

சும்மா அசைவு பார்க்க எடுக்கும் சின்ன ரெண்டருக்கு இதெல்லாம் வேண்டாம், எம்பி4 போதும். படங்கள் கூடுதல் இடம் பிடிக்கும், ஹார்ட் டிஸ்கில் இடம் குறைவென்றாலும் யோசியுங்கள். துணி, புகை சிமுலேஷன் இருந்தால் முதலில் பேக் (bake) செய்து, அதாவது அசைவைக் கணக்கிட்டுச் சேமித்து வையுங்கள். இல்லாவிட்டால் நடுவில் தொடங்கும்போது அசைவு பொருந்தாமல் போகலாம். அப்புறம், படங்களில் ஒலி வராது, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.